நெவிஸ்: சர்க்கரை ஆலைகள் விடுதிகளான தீவு

முதல் நாள் – சார்ல்ஸ்டவுன்

கரீபியன் கடலில் உள்ள செயின்ட் கிட்ஸின் தலைநகரான பாஸ்டேரிலிருந்து பக்கத்துத் தீவான நெவிஸின் சார்ல்ஸ்டவுனுக்குப் பயணிகள் படகில் முக்கால் மணி நேரம் ஆகிறது. வாடகைக் காரோடு வருகிறவர்களுக்கு, தெற்கே மேஜர்ஸ் பேயிலிருந்து கேட்ஸ் பே வரை கார் ஏற்றும் படகு உண்டு. இரண்டு தீவுகளுக்கும் நடுவே கடல் மிகக் குறுகும் இடத்தில் அகலம் ஏறக்குறைய 3 கி.மீ. தான். கரையிலிருந்து பார்த்தால் நீந்திக் கடந்துவிடலாம் போலத் தெரியும். ஆனால் அட்லாண்டிக் பக்கத்து அலை இந்த இடுக்கில் புகுந்து வருவதால் காற்று ஏறிய பிறகு படகு நன்றாக ஆடும். குமட்டல் உள்ளவர்கள் காலைப் படகைப் பிடிப்பது நல்லது. 1970 ஆகஸ்ட் 1 அன்று, அடிமை ஒழிப்பு விடுமுறைக்காக ஊர் திரும்பியவர்களை அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்த எம்.வி. கிறிஸ்டீனா இந்தக் கடல்வழியில் மூழ்கியது. 233 பேர் இறந்தார்கள். தீவின் மக்கள்தொகை இன்றும் ஏறக்குறைய 12,000 தான் என்பதால், அந்த இழப்பு தொடாத குடும்பம் இங்கே அபூர்வம்.

நெவிஸ் மொத்தமே 93 சதுர கி.மீ. நடுவில் 985 மீட்டர் உயர எரிமலைச் சிகரம், அதைச் சுற்றி ஏறக்குறைய 33 கி.மீ. வட்டச் சாலை. நாம் பார்க்கப் போகும் பழைய கரும்பு எஸ்டேட்டுகள் பெரும்பாலும் இந்தச் சாலையை ஒட்டியோ, அதிலிருந்து மலைப் பக்கம் ஒரு கிலோமீட்டர் ஏறினாலோ இருக்கின்றன. கரும்புக்கு வேண்டிய மண்ணும் காற்றாலைக்கு வேண்டிய காற்றும் ஒன்றாகக் கிடைத்தது அந்தச் சரிவில்தான். கடலுக்கும் மேகத்துக்கும் இடைப்பட்ட ஒரு வளையம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலேயர் இங்கே குடியேறியது 1628இல். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி, அப்பகுதித் தீவுகளுக்கான அடிமை விற்பனைக்கு நெவிஸைத்தான் மையமாக வைத்திருந்தது. 1706இல் டிபெர்வில் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஆலைகளை எரித்து, 3,000க்கும் மேற்பட்ட அடிமைகளைப் பிடித்துக்கொண்டு போனது. இன்று நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் அந்த அழிவுக்குப் பின் எழுந்தவை. விடுதிகளின் விளம்பரத் தாளில் "பதினேழாம் நூற்றாண்டு" என்று கண்டால், எந்தப் பகுதி என்று கேளுங்கள். அஸ்திவாரம் மட்டும் அந்தக் காலத்தது, மேலே உள்ள சுவர் இருநூறு ஆண்டு இளையது என்ற பதில் அடிக்கடி வரும். அதில் குறை ஒன்றுமில்லை. எந்தக் கல் எப்போது வந்தது என்று தெரிந்தால்தான் கட்டடம் பேசும்.

சார்ல்ஸ்டவுனில் படகுத் துறையிலிருந்து தெற்கே பத்துப் பதினைந்து நிமிட நடையில் பாத் ஹோட்டல். 1778இல் ஜான் ஹகின்ஸ் என்ற வணிகர், வெந்நீர் ஊற்றின் மேல் கட்டிய கல் கட்டடம். கரீபியனில் பயணிகளுக்கென்றே கட்டிய முதல் ஹோட்டல்களில் ஒன்று. மற்ற விடுதிகள் எல்லாம் சர்க்கரை செத்த பிறகு வந்தவை. இது சர்க்கரை கொழித்த காலத்திலேயே, அந்தப் பணத்தில் வாழ்ந்தவர்களுக்காக வந்தது. வாதம், சரும நோய் என்று பக்கத்துத் தீவுகளின் துரைமார்கள் வந்து தங்கினார்கள். இப்போது கட்டடம் அரசு அலுவலகம். கீழே ஓடையில் ஊற்றுத் தொட்டிகள் மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன, கட்டணம் இல்லை. நீர் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாக இறங்கி உட்கார வேண்டாம், எழும்போது தலை சுற்றும். கிழக்கு கரீபியன் டாலர் கையில் இருந்தால் சில்லறைச் செலவுக்கு வசதி. ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் விகிதம் மாறவில்லை.

இரண்டாம் நாள் – ஹெர்மிடேஜ்

வாகனங்கள் இடப்பக்கம் போகும் ஊர். வெளிநாட்டு உரிமம் உள்ளவர்கள் ஓட்டுவதற்குத் தற்காலிக உள்ளூர் உரிமம் வாங்க வேண்டும். வாடகைக் கார்க்காரர்களிடமே கேட்டால் வழி சொல்வார்கள்.

சார்ல்ஸ்டவுனிலிருந்து கிழக்கே ஏறும் சாலையில் முதலில் வருவது ஃபிக் ட்ரீ என்ற இடத்தில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயம். உள்ளே கண்ணாடிக்குள் திருமணப் பதிவேடு. பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் ஹொரேஷியோ நெல்சனுக்கும் பிரான்சஸ் நிஸ்பெட் என்ற விதவைக்கும் 1787 மார்ச் 11 அன்று நடந்த திருமணம் அதில் இருக்கிறது. திருமணம் நடந்தது தேவாலயத்தில் அல்ல, மான்ட்பீலியர் எஸ்டேட்டில். அது நாளைக்கு.

ஹெர்மிடேஜ் விடுதியின் பெரிய பங்களா முழுக்க மரம். கரீபியனில் இன்னும் ஆள் குடியிருக்கும் மிகப் பழைய மரவீடுகளில் ஒன்று என்று தீவில் சொல்கிறார்கள். தாங்கு தூண்கள் லிக்னம் வைட்டே மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம், உள்ளேயே பிசின் ஊறியிருப்பதால் கறையான் எளிதில் நெருங்காது. கூடத்தில் நின்று மேலே பார்த்தால் உத்திரங்கள் சேரும் இடம் தெரியும். ஒன்றில் துளை, மற்றதில் நாக்கு, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே அடித்த மர முளை. இரும்பு ஆணியை நம்பிய வேலை அல்ல. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து வீங்கும், வீங்கினால் மரம் பிளக்கும் என்று அந்தத் தச்சர்களுக்குத் தெரிந்திருந்தது.

1843 பிப்ரவரி 8 அன்று குவாதலூப் பக்கம் எழுந்த பெரும் பூகம்பம் நெவிஸின் கல் வீடுகளைச் சாய்த்தது. மர வீடுகள் ஆடின, நெளிந்தன, நின்றன. அதன் பிறகு இங்கே பரவிய கட்டுமுறைக்கு உள்ளூரில் "பாவாடையும் ரவிக்கையும்" என்று பெயர்: கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். கனமான கல் தரையோடு நிற்கும். ஆட்டம் அதிகமாகும் மேல்பகுதியில் எடை குறையும். சார்ல்ஸ்டவுன் கடைத்தெருவில் இன்றும் இந்த வீடுகள் வரிசையாக இருக்கின்றன.

கூரையையும் கவனியுங்கள். நாலு பக்கமும் சரியும் கூரை, தாழ்வாரம் தனி, அதன் கூரை பெரிய கூரையோடு ஒட்டாமல் ஒரு படி கீழே. சூறாவளியில் காற்று தாழ்வாரக் கூரைக்கு அடியில் புகுந்து தூக்கும்போது அது மட்டும் பிய்ந்து போகும், வீட்டுக் கூரை தப்பும். புதிதாகக் கட்டுகிறவர்கள் அழகுக்காக இரண்டையும் ஒரே ஓட்டமாக இழுத்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் பிடி விட்டால் அப்புறம் முழுக் கூரையும் பறக்கும்.

தோட்டத்தில் சிதறி நிற்கும் விருந்தினர் குடில்களில் சில, தீவின் வேறு இடங்களில் கைவிடப்பட்டிருந்த பழைய மரவீடுகள்; இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. இப்படி நகர்த்த முடிவதற்கே ஒரு வரலாறு உண்டு. 1838இல் முழு விடுதலை வந்தபோது உழைத்தவர்களுக்கு வீடு இருந்தது, அது நின்ற மண் எஸ்டேட்டுடையது. துரை வெளியேறச் சொன்னால் வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் அஸ்திவாரம் தோண்டாமல் கற்களை அடுக்கி, அதன்மேல் சிறு மரவீட்டை உட்கார வைத்தார்கள். குடிலின் அடியில் குனிந்து பாருங்கள். காரை பூசாத கல் அடுக்கின்மேல் வீடு நிற்கிறது என்றால் அந்த மரபில் வந்தது.

மூன்றாம் நாள் – மான்ட்பீலியர்

இன்று அவசரப்பட வேண்டாம். ஒரே ஒரு காற்றாலைக் கோபுரத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தத் தீவில் மட்டுமல்ல, ஆண்டிகுவா, பார்படோஸ், செயின்ட் குரோய் எங்கு போனாலும் இடிபாடுகள் புரியும்.

முதலில் நெல்சன் கதையை முடித்துவிடலாம். மான்ட்பீலியரின் உரிமையாளர் ஜான் ரிச்சர்ட்சன் ஹெர்பர்ட், தீவின் ஆட்சிக் குழுத் தலைவர். பிரான்சஸ் அவருடைய சகோதரியின் மகள். அமெரிக்கா தனிநாடான பின் அதன் கப்பல்கள் பிரிட்டிஷ் தீவுகளோடு வணிகம் செய்யக் கூடாது என்ற சட்டத்தை, போரியஸ் கப்பலின் கேப்டனான நெல்சன் கறாராக அமல்படுத்தினார். 1785இல் நெவிஸ் கரையிலேயே நாலு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தார். இந்தத் தீவுகள் விளைநிலம் முழுவதையும் கரும்புக்குக் கொடுத்துவிட்டு, சோளத்துக்கும் உப்புமீனுக்கும் பீப்பாய்ப் பலகைக்கும் வட அமெரிக்காவை நம்பியிருந்தவை. வணிகர்கள் கொதித்து வழக்குப் போட்டார்கள். நெல்சன் கரையில் கால் வைத்தால் கைது என்ற நிலை. நஷ்டப்பட்டவர்களில் தாமும் ஒருவராயிருந்தும் ஹெர்பர்ட் 10,000 பவுண்டுக்கு ஜாமீன் நிற்க முன்வந்தார். திருமணத்தில் பெண்ணைக் கைபிடித்துக் கொடுத்தவர் இளவரசர் வில்லியம் ஹென்றி, பின்னாளில் நாலாம் வில்லியம் மன்னர். சாலையோரம் இரண்டு வாயில் தூண்களும் ஒரு பலகையும் இதைச் சொல்கின்றன. திருமணம் நடந்த பங்களா இன்று இல்லை.

விடுதியின் இப்போதைய பெரிய பங்களா 1960களில், ஆலை வளாகத்தின் இடிபாடுகளோடு சேர்த்து எழுப்பியது. விருந்தினர் மாலையில் உட்காரும் முற்றம் ஒரு தொழிற்சாலையின் முற்றம். 1993இல் இளவரசி டயானா பிள்ளைகளோடு தங்கியதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஆலை எப்படி ஓடியது என்று நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும்.

கோபுரத்திலிருந்து தொடங்குங்கள். கீழே அகன்று மேலே குறுகும் கல் கூம்பு. இந்தத் தீவுகளில் பொதுவாக 10 மீட்டரை ஒட்டிய உயரம், அடிச்சுவர் ஒரு ஆள் கை நீட்டினாலும் மறுபுறம் எட்டாத கனம். சுவரில் திறப்புகள் ஒரே மாதிரி இருக்காது. அகலமான வளைவு, கரும்புக் கட்டு உள்ளே வர. எதிரே இன்னொன்று, சக்கை வெளியே போக. மூன்றாவது ஒன்றைத்தான் பலர் கவனிப்பதில்லை: ஒரு ஆள் அகலம்கூட இல்லாமல், ஆனால் சுவரில் மிக உயரம் வரை போகும் நெடும்பிளவு. அது ஜன்னல் அல்ல. உருளைகளும் நடுத்தண்டும் தேய்ந்தாலோ முறிந்தாலோ படுக்கவைத்து வெளியே இழுக்கவும் புதியதை உள்ளே விடவும் விட்ட வழி. பிளவின் விளிம்புக் கல்லைத் தடவிப் பாருங்கள்; இரும்பும் மரமும் உரசிய இடங்கள் வழவழப்பாக இருக்கும்.

கோபுர உச்சியில் மரத் தொப்பி, அதில் நாலு பாய்மரக் கைகள். தொப்பியிலிருந்து பின்பக்கமாகத் தரை வரை ஒரு நீண்ட கழி இறங்கும். காற்று திசை மாறும்போது அந்தக் கழியைத் தள்ளித் தொப்பி முழுவதையும் திருப்புவார்கள். கோபுரத்தைச் சுற்றித் தரை சமமாக இருப்பது அதனால்தான். இன்றைக்கு அந்த வட்டத்தில் மேசை போட்டிருக்கிறார்கள். காற்று நின்றால் ஆலை நிற்கும். வெட்டிய கரும்பு ஒன்றிரண்டு நாளுக்கு மேல் கிடந்தால் புளித்துச் சர்க்கரை கட்டாது. எனவே வசதியான எஸ்டேட்டுகள் மாடு சுற்றும் ஆலையையும் கைவசம் வைத்திருந்தன. கல் தடுப்புச் சுவர் கட்டி உயர்த்திய வட்ட மேடை எங்காவது கண்ணில் பட்டால் அது மாட்டு ஆலை. விடுதிகளில் நீச்சல் குளமோ புல்வெளியோ அந்த மேடையை எடுத்துக்கொண்டிருக்கும்.

கோபுரத்தின் உள்ளே மூன்று செங்குத்து உருளைகள், மேலே இரும்பு உறை. நடு உருளையைத் தண்டு சுழற்றும். பல்சக்கரத்தால் பக்கத்து இரண்டும் எதிர்த்திசையில் சுழலும். முதல் ஆள் கரும்பை முதலிரண்டு உருளைக்கு நடுவே கொடுப்பார், பின்னால் நிற்பவர் வாங்கி அடுத்த இரண்டுக்கு நடுவே திருப்பி அனுப்புவார். அறுவடை ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை, இரவு பகல் முறை வைத்து. தூக்கத்தில் கை உருளையில் சிக்கினால் காற்றாலையை உடனே நிறுத்த முடியாது. கையை வெட்டி ஆளை எடுப்பதற்காக அருகிலேயே கோடரி வைத்திருந்தார்கள். கரும்பு கொடுக்கும் அந்த வேலையைப் பெண்கள் நிறையச் செய்தார்கள். இந்தக் கோபுரத்துக்குள் இப்போது மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிலருக்கு மட்டும் விருந்து பரிமாறுகிறார்கள். சாப்பிட உட்காருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது நமது உறுதியான எண்ணம்.

உருளையிலிருந்து சாறு ஈயத்தகடு பதித்த கால்வாய் வழியே கொதிகூடத்துக்கு ஓடும். எனவே கொதிகூடம் எப்போதும் கோபுரத்தைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கும். கோபுரத்திடம் நின்று சரிவைப் பார்த்தால் அடுத்த கட்டடம் எது என்று சொல்லிவிடலாம். நீளமான கூடம், வெளிச்சுவரில் தாழ்வாக வரிசையாக அடுப்பு வாய்கள், கூரை முகட்டில் ஆவி போக வழி. உள்ளே ஒரே புகைப்பாதையின் மேல் நாலைந்து கொப்பரைகள், பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடியும். சாற்றில் சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்கு நுரையாகத் திரளும், அதை வழித்து எடுப்பார்கள். சுண்ணாம்பு குறைந்தால் மணி கட்டாது, கூடினால் சர்க்கரை கறுத்துவிடும். ஒவ்வொரு கொப்பரையிலும் சுண்டச் சுண்ட நீண்ட அகப்பையால் அடுத்ததற்கு முகந்து ஊற்றுவார்கள். கடைசிக் கொப்பரைதான் எல்லாவற்றையும் முடிவு செய்வது. கொதிப்பவர் பாகைத் தொட்டுக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துக் கம்பிப் பதம் பார்ப்பார். நூல் எந்த நீளத்தில் அறுகிறது, அறுந்த முனை எப்படிச் சுருள்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு நிமிடம் முந்தினால் பாகாகவே நிற்கும், பிந்தினால் கருகும். எஸ்டேட்டின் ஆண்டு வருமானமே இந்த ஒரு விரல் இழுப்பில் இருந்தது. அதைச் செய்தவர் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர். எஸ்டேட் சொத்துப் பட்டியல்களில் தேர்ந்த கொதிப்பாளர்களுக்கு வயல் ஆட்களைவிட அதிக விலை போட்டிருப்பார்கள்.

பிறகு ஆழமில்லாத மரத்தொட்டிகளில் ஆறவிட்டு, அடியில் துளையிட்ட பெரும் பீப்பாய்களில் கொட்டுவார்கள். துளைகளில் வாழைத்தண்டு செருகியிருக்கும். அதன் வழியே கழிவுப்பாகு மூன்று வாரம் போலச் சொட்டிக்கொண்டேயிருக்கும். பாகு தரையடித் தொட்டியில் சேர்ந்து, நுரையோடு கலந்து ரம் வடிக்கப் போகும். பீப்பாயில் மிஞ்சுவது பழுப்புச் சர்க்கரை. அவசரமாக மூடிக் கப்பலேற்றினால் கடலிலும் ஒழுகிக்கொண்டே போய் லண்டனிலோ பிரிஸ்டலிலோ எடை குறைந்து இறங்கும்.

இத்தனை கட்டடத்தில் கோபுரம் மட்டும் நின்றது ஏன்? அது கூம்பு வடிவம், கூரை போனாலும் சுவர் தன் எடையிலேயே நிற்கும். கொதிகூடம் நீண்ட நேர்சுவர். கூரை விழுந்ததும் மழை சுவரின் தலைக்குள் இறங்கிக் காரையைக் கரைக்கும். மூலைக்கற்களை ஊர் மக்கள் வீடு கட்ட எடுத்துப் போனார்கள். கோபுரத்தின் வளைந்த கல் வேறு எந்தச் சுவருக்கும் பொருந்தாது என்பதால் அதைத் தொடவில்லை. கொப்பரைகளை மாட்டுத் தண்ணீருக்கும் பூச்செடிக்கும் வைத்துக்கொண்டார்கள். விடுதி வாசலில் செம்பருத்தி நட்ட இரும்புக் கொப்பரை கண்டால் விட்டத்தைப் பாருங்கள். சிறியது என்றால் கடைசி அடுப்பில் இருந்தது.

நான்காம் நாள் – கோல்டன் ராக்

ஜிஞ்சர்லேண்ட் வட்டாரத்தில், கிழக்குக் கடலைப் பார்த்த சரிவு. இங்கே மதியத்திலும் காற்று குளிர்ச்சி. மாலை மழைக்கு மெல்லிய மேலாடை ஒன்று வேண்டும். மலைச்சரிவு எஸ்டேட்டுகள் விடுதியாக மாறியதற்கு இதுவே பெரிய காரணம். 1950களிலும் 60களிலும் சர்க்கரை போய் நிலம் மலிந்து கிடந்தது. குளிர்சாதனம் அரிதான காலத்தில், துரைமார் காற்றுக்காகத் தேர்ந்த இடம் அப்படியே பயணிகளுக்கும் பொருந்தியது. குறை ஒன்று உண்டு: கடற்கரை பக்கத்தில் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் மணல் வேண்டும் என்கிறவர்கள் மலை விடுதிகளில் அறை போடாதீர்கள்.

கோல்டன் ராக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் ஹகின்ஸ் எழுப்பியது. காற்றாலைக் கோபுரம் இப்போது இரண்டடுக்கு அறை. வட்டச் சுவருக்குள் நாற்கட்டில் போட்டிருக்கிறார்கள். ஓவியர்களான பிரைஸ் மார்டனும் ஹெலன் மார்டனும் 2006 முதல் இதைப் புதுப்பித்தார்கள். கட்டடக் கலைஞர் எட் டட்டில், தோட்டம் அமைத்தவர் ரேமண்ட் ஜங்கிள்ஸ். பழைய கல்லைப் பழையதாகவே விட்டு, புதியதைப் புதியதென்று தெரியும்படி செய்திருக்கிறார்கள். எந்தச் சுவர் எந்தக் காலம் என்று கண்ணாலேயே பிரித்தறிய முடிகிறது. தீவின் புதுப்பிப்புகளில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்த எட்வர்ட் ஹகின்ஸ் யார் என்பதை இங்கேயே சொல்ல வேண்டும். பின்னீ குடும்பத்தின் மான்ட்ராவர்ஸ் எஸ்டேட்டையும் அவர் வாங்கியிருந்தார். இரவில் எருச் சுமக்க மறுத்தவர்களை 1810 ஜனவரியில் சார்ல்ஸ்டவுன் சந்தைவெளிக்கு நடத்திச் சென்று, பகிரங்கமாகச் சவுக்கால் அடிக்க வைத்தார். 1798ஆம் ஆண்டுச் சட்டப்படி 39 அடிக்கு மேல் கூடாது. ஒரு ஆணுக்கு 365 அடி விழுந்தது, ஒரு பெண்ணுக்கு 291. நீதிபதிகள் சிலர் அங்கேயே நின்று பார்த்தார்கள். வழக்கு நடந்தது, நடுவர் குழு அவரை விடுவித்தது. பிரிட்டனில் அடிமை எதிர்ப்பாளர்கள் இந்த வழக்கைப் பல ஆண்டுகள் எடுத்துக் காட்டினார்கள். முதல் நாள் நீங்கள் படகிறங்கி நடந்த கடைத்தெருவுக்குப் பக்கத்தில்தான் அந்தச் சந்தைவெளி.

வளாகத்திலிருந்து மேலே காட்டுக்குள் ஒரு நடைபாதை தண்ணீர் பிறக்கும் இடத்துக்குப் போகிறது. மழை பெய்த மறுநாள் வேண்டாம். வேர்களும் களிமண்ணும் வழுக்கும், ஓடைகளில் வெள்ளம் மலையிலிருந்து சத்தமில்லாமல் வரும். பச்சைக் குரங்குகள் நிறைய. அடிமைக் கப்பல்களின் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவற்றின் வழி. கையில் மாம்பழம் இருந்தால் பைக்குள் வையுங்கள்.

ஐந்தாம் நாள் – நியூ ரிவர், கோகனட் வாக், காட்டில் (Cottle) தேவாலயம்

விடுதியாக மாறாத எஸ்டேட்டைப் பார்க்காமல் இந்தப் பயணம் நிறைவடையாது. கிழக்குக் கரையில் நியூ ரிவர், நெவிஸில் கடைசியாக ஓடிய சர்க்கரை ஆலை. 1956 வரை இயங்கியது. நீராவி இயந்திரப் பாகங்கள் துருவேறி அங்கேயே நிற்கின்றன. கோபுரக் காலத்துக்கும் நீராவிக் காலத்துக்கும் வித்தியாசம் ஒரே பார்வையில் புரியும். உருளைகள் செங்குத்தாக இல்லாமல் படுக்கையாக, பல்சக்கரம் ஆளைவிட உயரம், பக்கத்தில் புகைபோக்கி. கீழே கரையோரம் கோகனட் வாக்கில் தனித்த காற்றாலைக் கோபுரம். முள்செடி அதிகம், முழுக்கால் சட்டையும் கெட்டிக் காலணியும் கட்டாயம். கிணறு, தொட்டி வாய்கள் புல்லில் மறைந்திருக்கும். தடம் விட்டு விலகாதீர்கள். கடலோர மான்சினீல் மரத்தின் பாலும் மழைநீர்ச் சொட்டும் தோலைப் பொசுக்கும். பச்சை ஆப்பிள் போலிருக்கும் அதன் காய் கடும் விஷம்.

பாதுகாப்பில்லாத இடிபாடு எப்படிச் சாகிறது என்பதையும் இங்கே படிக்கலாம். சுவரில் முளைத்த அத்தி இனச் செடியைச் சின்னதாக இருக்கும்போதே அறுக்காவிட்டால், வேர் காரையைத் தின்று கல்லை வெளியே தள்ளும். நன்றாக வேரோடிய மரத்தை அவசரப்பட்டுப் பிடுங்கினாலோ சுவரும் சேர்ந்து வரும். வெட்டி, வேரை உள்ளேயே சாகவிட்டு, சுண்ணாம்புக் காரையால் இடைவெளியை நிரப்ப வேண்டும். சிமென்ட் பூசுவது மரத்தைப் பிடுங்குவதைவிட மோசம். பவளக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பால் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டேயிருக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் கல்லுக்குள் தங்கி, உப்பு பூத்து, சில ஆண்டுகளில் கல்லின் முகம் உதிரும். விடுதிகளிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. சுவர் அடியில் வெள்ளைப் பொடியும் உதிர்ந்த செதிலும் கண்டால் அங்கே பெரும்பாலும் சிமென்ட் இருக்கும்.

ஆலை நின்றது, பங்களா நின்றது. உழைத்தவர்கள் வாழ்ந்த வீடு எங்கே? எந்த விடுதியும் அதை அறையாக மாற்றவில்லை, மாற்ற ஒன்றும் மிஞ்சவில்லை. மரக்கழியும் மண்பூச்சும் புல்கூரையுமாக, கரும்புக்கு உதவாத ஓடைக்கரை நிலத்தில் இருந்த குடிசைகள் அவை. 1834இல் நெவிஸில் ஏறக்குறைய 8,800 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அத்தனை பேரின் வீடுகளும் மண்ணோடு போயின. நியூ ரிவரிலும் ஜெசப்ஸ் எஸ்டேட்டிலும் தொல்லியலாளர்கள் சீரான இடைவெளியில் சிறு குழிகள் தோண்டி, கிடைத்த ஓட்டுச்சில்லு, புகைக்குழாய்த் துண்டு ஆகியவற்றின் செறிவை வைத்தே ஊர் எங்கே இருந்தது என்று வரைந்தார்கள். கையால் வனைந்து திறந்த தீயில் சுட்ட சிவப்புப் பானைச் சில்லுகளும் அவற்றில் உண்டு. வடக்கே நியூகாசிலில் சக்கரம் இல்லாமல் வனைந்து தேங்காய் மட்டைத் தீயில் சுடும் குயவுத் தொழில், அந்த மரபின் தொடர்ச்சி.

விடுதலைக்குப் பின் நெவிஸ் துரைமாரிடம் கூலி கொடுக்கப் பணம் இல்லை. பிரிட்டிஷ் அரசு கொடுத்த 2 கோடி பவுண்டு இழப்பீடு உரிமையாளர்களுக்குத்தான். அதில் பெரும்பகுதி இங்கிலாந்தில் இருந்த கடன்காரர்களுக்குப் போனது. விளைவைப் பங்கு பிரிக்கும் குத்தகை முறை வந்தது. 1874இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளையும் ஒரு கப்பலில் கொண்டுவந்தார்கள். அதுவும் சர்க்கரையைக் காப்பாற்றவில்லை.

திரும்பும் வழியில் காட்டில் தேவாலயம். 1824இல் தாமஸ் காட்டில் என்ற எஸ்டேட் உரிமையாளர், தன் குடும்பமும் அடிமைகளும் ஒரே கூரையின் கீழ் தொழ வேண்டுமென்று கட்டியது. அந்தக் காரணத்தாலேயே முறைப்படி புனிதப்படுத்தப்படாமல் போனது. கூரையற்ற சுவர்கள், சுற்றி மரங்கள்.

ஆறாம் நாள் – பின்னீஸ் கடற்கரை

மேற்குக் கரையின் நீண்ட மணல் வெளிக்குப் பெயர் தந்தது மான்ட்ராவர்ஸின் பின்னீ குடும்பம். ஜான் பின்னீ பிரிஸ்டலில் கட்டிய வீடு இன்று அருங்காட்சியகம். அவரோடு நெவிஸிலிருந்து போன அடிமைப் பணியாள் பீரோ ஜோன்ஸின் பெயரில் அந்த ஊரில் ஒரு பாலம் இருக்கிறது.

இங்கே 1991இல் திறந்த ஃபோர் சீசன்ஸ்தான் தீவின் பெரிய விடுதி. கடற்கரை வேண்டியவர்களுக்கு இதுவே இடம். ஆனால் கரும்புத் துரைமார் ஏன் இங்கே பங்களா கட்டவில்லை என்பதற்குப் பதில் வானிலையில் இருக்கிறது. சாதாரணமாகப் புயல் கிழக்கிலிருந்து வரும், மலை இந்தக் கரையை மறைக்கும். மேற்கிலிருந்து அலை வந்தால் மறைப்பு இல்லை. 1999 நவம்பரில் லென்னி சூறாவளி அப்படி எதிர்த்திசையில் வந்தது. 2008 அக்டோபரில் ஓமர் அடித்த பின் இந்த விடுதி 2010 டிசம்பர் வரை மூடிக் கிடந்தது. மலைச்சரிவுக் கோபுரங்களுக்கு அந்த அலை எட்டவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒன்று. எஸ்டேட் காலத்தில் கூரை நீரைக் கல் தொட்டிகளில் சேர்த்தார்கள். மலை விடுதிகளில் பலவற்றில் அதே ஏற்பாடு தொடர்கிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வறட்சி, குளியலை அளவாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

அறை போட நினைப்பவர்களுக்கு: டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை விலை உச்சம். எஸ்டேட் விடுதிகளில் சில ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சூறாவளிக் காலத்தில் முழுவதும் மூடிவிடும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தங்கும் செலவு தாங்காவிட்டால் மதிய உணவுக்கு மட்டும் மேசை பதிவு செய்து, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் வளாகத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுப்பதில்லை. ஜூலை கடைசியில் போனால் விடுதலையை ஒட்டி 1974 முதல் நடக்கும் கல்ச்சுராமா விழாவையும் பார்த்துவிடலாம். அந்த வாரத்தில் படகுச் சீட்டுக்கு நெருக்கடி இருக்கும், போக வரச் சேர்த்தே வாங்கி வையுங்கள்.